உதவி: லினக்ஸில் கேபிள் செருகியும் இணையம் வரவில்லை

யாங்கூன்_மின்ட்:
வணக்கம். லினக்ஸில் கேபிள் வழி இணையம் வரவில்லை. அதே கேபிள் தங்கையின் மடிக்கணினியில் வேலை செய்கிறது. எங்கள் தெருவில் இன்னும் கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போய்விடும். அதற்குள் கடையின் கணக்குக் கோப்பை அனுப்பியாக வேண்டும். உடனே சொல்லுங்கள்.

பெகு முத்து:
எந்த லினக்ஸ், தம்பி? மேசைக் கணினியா? கேபிள் செருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா?

பாசுண்டாங் சேகர்:
கேபிள் செருகும் நெட்வொர்க் கார்டு கருகியிருக்கும். மின்சாரம் போவதும் வருவதும், நடுவில் ஜெனரேட்டருக்கு மாற்றுவதுமாக இருந்தால் எந்தக் கார்டு தாங்கும்? புதுக் கார்டு போடுங்கள், ஸ்டெபிலைசரும் வாங்குங்கள்.

பழைய டெர்மினல்:
"வரவில்லை" என்று மட்டும் எழுதினால் யார் என்ன சொல்ல முடியும்? எத்தனை பேருக்குத்தான் பாடம் எடுப்பது? டெர்மினலில் "ஐபி லிங்க்" என்று அடியுங்கள். "நோ-கேரியர்" என்று வந்தால் மறுமுனையின் சமிக்ஞையே கார்டுக்கு எட்டவில்லை. அதன்பின் வரும் ஐபி முகவரி, தளப்பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் பற்றிப் பேசவே வேண்டாம். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பெயரையும் எழுதுங்கள். அடிப்படை தெரியாமல் லினக்ஸுக்கு வரக் கூடாது.

பெகு முத்து:
அவசரத்தில் இருக்கும் பிள்ளையை ஏன் அதட்டுகிறீர்கள்? தம்பி, கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் மாட்டி, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் வழியாகக் கோப்பை முதலில் அனுப்பிவிடுங்கள்.

யாங்கூன்_மின்ட்:
கைப்பேசியில் டேட்டா தீரப்போகிறது. லினக்ஸ் மின்ட் 21, மேசைக் கணினி. நோ-கேரியர் என்றுதான் வருகிறது, விளக்கு எரியவில்லை. கார்டு ரியல்டெக் நிறுவனத்துடையது, டிரைவர் ஆர்8169. நேற்று மின்சாரம் போய் வந்தபின் தானாகவே வேலை செய்தது. இன்று காலை அம்மா இதே கணினியில் விண்டோஸுக்குப் போய்க் கணக்கு எழுதினார், அதன்பின் இப்படி.

பாசுண்டாங் சேகர்:
பார்த்தீர்களா, மின்சாரம்தான் காரணம். ஸ்டெபிலைசர்!

பழைய டெர்மினல்:
கருகிய கார்டு நேற்று எப்படி வேலை செய்யும்? ஆர்8169-க்குப் பதிலாக ரியல்டெக்கின் சொந்த ஆர்8168 டிரைவரை நிறுவச் சொல்லுங்கள்.

பாசுண்டாங் சேகர்:
போன மழைக்காலத்து இடியில் என் ரூட்டரின் போர்ட்டுகள் கருகிப்போயின. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இணையமே இல்லாதவர் டிரைவரை எங்கிருந்து இறக்குவார்?

மௌல்மீன் தேவி:
சண்டையை விட்டு அவர் எழுதியதைப் படியுங்கள். விண்டோஸும் இருக்கிறது, மின்சாரம் அறுந்தால் சரியாகிவிடுகிறது. விண்டோஸ் அணையும்போது சில ரியல்டெக் சில்லுகளை உறங்க வைத்துவிட்டுப் போகும், லினக்ஸால் எழுப்ப முடியாது. கணினியை அணைத்தாலும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதால் சில்லு அதே நிலையில் கிடக்கும். தம்பி, கணினியை அணைத்துப் பவர் கம்பியைக் கழற்றுங்கள். பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மாட்டியதும் விண்டோஸுக்குப் போகாமல் நேரே மின்ட்டுக்குள் வாருங்கள். பிறகு விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டுக்கு "ஷட்டவுன் வேக்-ஆன்-லேன்" (அணைத்தபின்னும் கார்டை விழித்திருக்க வைப்பது) இருந்தால் இயக்குங்கள், விண்டோஸை முழுதாக அணையவிடாத "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்"பை நிறுத்துங்கள்.

யாங்கூன்_மின்ட்:
விளக்கு எரிகிறது. கோப்பு போய்விட்டது. நன்றி அக்கா.

பழைய டெர்மினல்:
ஆர்8168 போட்டிருந்தாலும் சரியாகியிருக்கும்.

பெகு முத்து:
விண்டோஸில் மாற்றியபின் மறுபடி வருகிறதா என்று எழுதுங்கள், தம்பி. என் மகன் கணினியிலும் இதே ரியல்டெக்தான்.