பேர் பெரிசோ, பைல் பெரிசோ: பிள்ளைக்காக எழுதுற உதவிக் கடிதம்

வடலி:
இலங்கையில இருதயத்தில துவாரமுள்ள பிள்ளையின்ர சத்திரசிகிச்சைக்குப் பண உதவி கேட்கிறதெண்டா, பேர்பெற்ற பேராசிரியர் ஒருவரைக் கொண்டு அவற்ற பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதுவிக்கிறதுதான் நல்ல வழி. ஐன்ஸ்டைன் 1933இல பிரின்ஸ்டனுக்குப் போன பிறகு, ஹிட்லரிட்டயிருந்து தப்ப வழி தேடின எத்தனையோ பேருக்காகத் தன்ர பேரில கடிதம் எழுதினவர். உறவு முறை பாக்கேல்லை. அந்தக் கையெழுத்தைப் பாத்தவை அசட்டை செய்வினமோ?

பண்ணைப்பாலம்:
செய்தவை. அந்தக் காலத்தில அமெரிக்க விசாவுக்கு ஆதரவுப் பத்திரம், அதாவது வாறவரின்ர செலவுக்குத் தான் பொறுப்பு எண்ட உறுதி, குடுக்கிறவர் வருமானவரிப் பத்திரம், வங்கிக் கடிதம், வேலை உறுதிக் கடிதம் காட்டவேணும். ஒரே ஆள் கனபேருக்குப் பொறுப்பு நிண்டா, இவ்வளவு பேரையும் தாங்குவாரோ எண்டு விசா குடுக்கிற அதிகாரியான கொன்சல் சந்தேகப்படுவார். ஐன்ஸ்டைனுக்கும் அதுதான் நடந்தது. பிறகு மற்றவையைப் பொறுப்பு நிக்கச் சொல்லிக் கேட்டார். 1939இல ஜெர்மன்காரருக்கு அமெரிக்கா ஒதுக்கின விசா வருசத்துக்கு 27,370, காத்திருந்தவை லட்சக்கணக்கில. 1941இல ஜனாதிபதியின்ர மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கே இந்த அலுவலகத் தடைகளைப் பற்றி முறையிட்டு எழுதினவர். பேர் கதவைத் தட்டும், திறக்கிறது பைல்.

வடலி:
தட்டாமல் ஆர் திறக்கிறது? டொரொண்டோவில இருக்கிற பழைய மாணவருக்கு நாளுக்குப் பத்து வேண்டுகோள் வட்ஸ்அப்பில வரும். தெரிஞ்ச ஆசிரியற்ற கடிதத்தைத்தான் கடைசிவரை வாசிப்பார். இன்னொண்டு: முகநூலில பிள்ளையின்ர படத்தையும் நோயையும் போட்டா, அது வளர்ந்த பிறகும் அங்கேயே கிடக்கும். ஒருவருக்கு எழுதுற கடிதத்தில அந்தக் கொடுமை இல்லை.

பண்ணைப்பாலம்:
படம் போடக்கூடாது, அதில நானும் உங்கட பக்கம். ஆனா கடிதம் வட்ஸ்அப்பில ஏறினா அதுவும் சுத்தும். திகதி இல்லாத கடிதம் பிள்ளை சுகமான பிறகும் சுத்தி, அடுத்த பிள்ளைக்கு வரவேண்டிய நம்பிக்கையைக் கெடுக்கும். மேல திகதி, கீழ "இந்த வேண்டுகோள் இன்ன நாளோட முடியும்" எண்டு கட்டாயம் வேணும்.

கல்லுண்டாய்:
எழுதப்போறவைக்கு: ஒரு பக்கம் போதும். முதல் வரியிலேயே வயசு, நோய், எந்த வைத்தியசாலை, எவ்வளவு தேவை. தொகையைப் பிரிச்சுக் காட்டுங்கோ: சத்திரசிகிச்சை, முன்பரிசோதனை, கொழும்பில தாய் தங்கிற செலவு. குடும்பத்திட்ட இருக்கிறது எவ்வளவு எண்டும் எழுதவேணும், அதை மறைச்சால்தான் சந்தேகம் வரும். இணைப்பு: பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கிளினிக் கொப்பி, வைத்தியசாலையின்ர செலவு மதிப்பீடு, விதானையாற்ற (கிராம அலுவலர்) உறுதிக் கடிதம். பிரதிகளைச் சமாதான நீதவானிட்டக் காட்டி உறுதிப்படுத்துங்கோ. பிறப்புப் பத்திரத்தில முழுப்பேரும் கொப்பியில முதலெழுத்தும் இருந்தா, பணம் அனுப்புறவர் ரெண்டு பிள்ளையோ எண்டு யோசிப்பார். அதை முதலே திருத்துங்கோ. மதிப்பீட்டுக்கும் காலாவதி உண்டு. பழையதை அனுப்பினா விலை ஏறி, பணம் காணாது.

வடலி:
கொழும்பில அரச சிறுவர் வைத்தியசாலை லேடி றிஜ்வேயில இலவசம்தானே, ஏன் தனியார் எண்டு கேட்பினம். அதுக்கு?

கல்லுண்டாய்:
வைத்தியர் காத்திருக்கலாம் எண்டா காத்திருக்கிறதுதான் சரி, கடிதமே வேண்டாம். காத்திருக்க ஏலாதெண்டா அதை அவரே எழுதித் தரவேணும். பேராசிரியர் சொல்லி எடுபடாது. வைத்தியச் செலவுக்கு உதவுற ஜனாதிபதி நிதியத்துக்கும் பிரதேச செயலகத்தில விண்ணப்பம் போடுங்கோ. அங்க கிடைக்கிறதைக் கழிச்சு மிச்சத்துக்கு மட்டும் கடிதம்.

பண்ணைப்பாலம்:
பணம் பேராசிரியற்ற கணக்குக்குப் போகவே கூடாது. பணம் நேர வைத்தியசாலைக்குப் போகவேணும், பற்றுச்சீட்டு பணம் அனுப்பினவருக்குப் போகவேணும்.

வடலி:
அது ஒத்துக்கொள்ளுறன். ஆனா கடிதத்தைத் தட்டச்சு செய்யவேண்டாம், அவர் கையால எழுதட்டும். அதில நான் விட்டுக்குடுக்கேன்.