2023 மாகாண ரக்பி சீசன்: ஹாக்ஸ் பே, கேடயம், அந்த மூன்று புள்ளி. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

ஹேஸ்டிங்ஸிலிருந்து:

நியூசிலாந்தில் இருக்கும் நம்மவர்களிடம் ரக்பி பேச்சை எடுத்தால் தேசிய அணியான ஆல் பிளாக்ஸோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே மாகாணங்களுக்கு இடையே என்பிசி என்று ஒரு போட்டி 1976 முதல் நடக்கிறது. பதினான்கு அணிகள். ஆகஸ்டில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். என் மனதுக்கு மிக நெருக்கமானது அதில் 2023 சீசன். அதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது, நானே ஆரம்பிக்கிறேன்.

அந்த வருஷம் பிப்ரவரி 13 இரவு கேப்ரியல் புயல் எங்கள் ஹாக்ஸ் பே மாகாணத்துக்கு வந்தது. நான் ஆப்பிள் பேக்ஹவுஸில், அதாவது பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் இடத்தில், வேலை பார்க்கிறேன். பிப்ரவரி என்றால் பறிப்பு ஆரம்பிக்கும் நேரம். ஒரே இரவில் எஸ்க் பள்ளத்தாக்கில் வீடுகளின் கூரை வரை தண்ணீர் ஏறியது. ரெட்கிளிஃப் துணைமின் நிலையம் மூழ்கி, நேப்பியர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. பாலங்கள் போயின. பழம் பறிக்கப் பசிபிக் தீவுகளிலிருந்து வந்திருந்த தொழிலாளர்களைக் கூரைகளிலிருந்து இறக்கிக் காப்பாற்றினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், மரங்கள் கிளை வரை வண்டலில் புதைந்து நிற்கின்றன, பழங்கள் சேற்றுக்கு மேலே சிவப்பாகத் தொங்குகின்றன. நான் கடலூர்க்காரன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பலா மரங்களைச் சாய்த்துப் போட்டதைப் பார்த்தவன். இங்கே வந்தும் அதே காட்சியைப் பார்த்தபோது இரண்டு நாள் யாரிடமும் பேச முடியவில்லை.

எங்கள் தெருவில் சேறு அள்ள வந்தது பக்கத்து ரக்பி கிளப் பையன்கள். பெயர்கூடச் சொல்லவில்லை. மண்வெட்டியோடு வந்தார்கள், மூன்று வீட்டைச் சுத்தம் செய்தார்கள், அடுத்த தெருவுக்குப் போனார்கள். அதுவரை ரக்பி எனக்கு டிவியில் ஓடும் ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆகஸ்டில் நேப்பியரின் மெக்லீன் பார்க் மைதானத்துக்கு நான் டிக்கெட் வாங்கியது அந்தப் பையன்களுக்காக. அவர்களில் யாரும் ஆடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் இந்த மாதிரி கிளப்களிலிருந்துதான் மாகாண அணிக்கு ஆள் போகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

எங்கள் அணிக்குப் பெயர் மேக்பைஸ். கருப்பு வெள்ளைப் பட்டை போட்ட சட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் நம்மூர்க் குண்டுக்கரிச்சான் கூட்டம் தரையில் இறங்கியது போல இருக்கும். முதல் ஆட்டத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், பழத்தோட்டக்காரர். பாதி மரங்கள் போய்விட்டன என்றார். அதற்கு மேல் புயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எண்பது நிமிடமும் எனக்கு விதிகளைச் சொல்லிக் கொடுத்தார். பந்தை முன்னால் தூக்கிப் போடக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, அதற்கு ஐந்து புள்ளி, அதன்பின் கன்வர்ஷன் உதைக்கு இரண்டு, பெனால்டிக்கு மூன்று. நான்கு ட்ரை வைத்தால் போனஸ் புள்ளி. ஏழோ அதற்குக் குறைவோ வித்தியாசத்தில் தோற்றாலும் ஒரு புள்ளி உண்டு. ஆட்டம் முடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் ஓடினார்கள். ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்கியபடியே நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் என் தோளைத் தட்டி "அடுத்த வாரம்?" என்றார். அடுத்த வாரமும் போனேன்.

செப்டம்பரில் கேடயம் வந்தது. அந்தக் கதையை வெலிங்டனில் இருந்த யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

வெலிங்டனிலிருந்து:

நான் சொல்கிறேன் அண்ணா. நாங்கள்தான் தோற்ற பக்கம்.

தெரியாதவர்களுக்காக முதலில் ரான்ஃபர்லி கேடயம் பற்றி. 1902இல் அப்போதைய கவர்னர் ரான்ஃபர்லி பிரபு கொடுத்தது. லீக் கோப்பை வேறு, இது வேறு. யாரிடம் கேடயம் இருக்கிறதோ அவர்கள் ஊருக்கே போய் ஜெயித்துத்தான் எடுக்க வேண்டும். சமன் ஆனால் வைத்திருப்பவரிடமே தங்கிவிடும். நாக்அவுட் ஆட்டங்களில் கேடயம் பணயம் கிடையாது. ஆக்லாந்து 1985 முதல் 1993 வரை 61 முறை காப்பாற்றி வைத்திருந்ததுதான் சாதனை. இவ்வளவு மரியாதை உள்ள பொருளை இங்கே எல்லோரும் செல்லமாக "மரக்கட்டை" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

2022இல் ஹாக்ஸ் பேயிடமிருந்துதான் எங்கள் வெலிங்டன் அதை எடுத்தது. அதே வருஷம் இறுதியாட்டத்தில் கேன்டர்பரியை 26–18 என்று ஜெயித்துக் கோப்பையும் எங்களுக்கே. என் மகனுக்கு அப்போது எட்டு வயது. கேடயம் எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பது போலத்தான் பேசுவான். 2023 செப்டம்பரில் ஹாக்ஸ் பே திரும்பி வந்தது. இவன் மஞ்சள் கருப்பு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தான். எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம், நேப்பியரிலிருந்து கார் ஓட்டி வந்தவர்கள். அந்த அம்மா ஆட்டம் முழுக்கக் கையைக் கூப்பியபடியே இருந்தார், நம்மூரில் தேர் நகரும்போது நிற்பார்களே, அதே மாதிரி.

கடைசி விசில் அடித்ததும் அவர் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதார். என் மகனும் அழுதுகொண்டிருந்தான். அந்த அம்மா குனிந்து இவனிடம், "கண்ணா, நல்லா பாத்துக்கிட்டீங்க அதை. இந்த வருஷம் எங்களுக்கு அது வேணும்" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், எனக்கு மனதில் இப்படித்தான் பதிந்திருக்கிறது. புயலில் அவர்களுக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அப்புறம்தான் அந்தச் செய்தி. கொண்டாட்டத்தின்போது கீழே விழுந்து கேடயம் இரண்டாக உடைந்துவிட்டது. படம் நாடு முழுக்கப் பரவியது. எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை, அந்த அம்மாவை நினைத்து வருத்தமாக இருந்தது. என் மகன் கேட்டது ஒன்றுதான்: "ஒட்டிடுவாங்களா?" ஒட்டினார்கள்.

ஹேஸ்டிங்ஸிலிருந்து:

தங்கச்சி, உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அந்த வாரம் இங்கே யாரும் சந்தோஷமாக இல்லை. பேக்ஹவுஸில் என் லைனில் நிற்கும் வயதான அம்மா ஒருவரின் தாத்தா காலத்தில், 1922 முதல் 1927 வரை, ஹாக்ஸ் பே 24 முறை கேடயத்தைக் காத்தது. 1966இலிருந்து 1969 வரை 21 முறை. இதெல்லாம் இங்கே குடும்பக் கதை. "எங்க வீட்டுச் சாமி படம் விழுந்து உடைஞ்ச மாதிரி" என்று நான் என் மனைவியிடம் சொன்னேன். ஜெயித்த மகிழ்ச்சியை முழுசாக அனுபவிக்கக்கூட விடவில்லை அந்த உடைசல். ஆனால் சீசன் முடியும் வரை கேடயம் எங்கள் மாகாணத்தை விட்டுப் போகவில்லை.

வாங்கனுயியிலிருந்து:

அண்ணா, அக்கா, நான் கண்டிப் பொடியன். எங்களுக்கு றக்பி புதிதில்லை. றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1945இலிருந்து பிராட்பி கேடயத்துக்கு விளையாடுகின்றன. ஒரு ஆட்டம் கண்டியில், ஒன்று கொழும்பில், இரண்டு ஆட்டத்துப் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. அந்த வாரம் கண்டியில் பாடசாலைப் பிள்ளைகள் மட்டுமில்லை, தேநீர்க்கடைக்காரர் வரை அதே கதைதான். அதனால் ஒரு மரக்கேடயத்துக்காக ஒரு ஊர் அழுவதை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நீங்கள் சொன்ன பதினான்கு அணிகளுக்கும் கீழே இன்னும் பன்னிரண்டு மாகாணங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 2006 முதல் ஹார்ட்லேண்ட் போட்டி. வாங்கனுயி அதில்தான். இதில் விளையாடுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. பண்ணைக்காரர், செம்மறி ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவர், ஆசிரியர். மைதானம் குக்ஸ் கார்டன்ஸ். 1962இல் பீட்டர் ஸ்நெல் ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனை செய்த அதே இடம். அங்கே நடக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அது ஞாபகம் வரும்.

2023 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் அணியின் முன்வரிசை ஆள் ஒருவர் ஸ்க்ரம்மில், இரண்டு அணியும் தோளோடு தோள் சேர்த்துத் தள்ளும்போது, நசுங்கி, நெற்றியில் தையலோடு திரும்பி வந்து விளையாடினார். திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக் கூரை ஒழுக்கைப் பார்க்க ஆள் வந்தது. கதவைத் திறந்தால் அதே நெற்றி, அதே தையல். நான் "நீங்களா!" என்று கத்திவிட்டேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஏணியைச் சாய்த்தார். வேலை முடிய இறங்கி, தேத்தண்ணி குடித்தபடி கண்டி மைதானத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கேட்டார். மலைக்கு நடுவில் விளையாடினால் காற்று எப்படி இருக்கும் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு இந்த நாடு சொந்தமானது அன்றைக்கு.

நியூ பிளிமத்திலிருந்து:

என்பிசி இறுதியாட்டம் எங்கள் ஊரில், எங்கள் தரனாக்கிக்கும் ஹாக்ஸ் பேக்கும். அக்டோபர் 21, சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு உலகக் கோப்பை அரையிறுதி, பாரிஸில் ஆல் பிளாக்ஸ் அர்ஜென்டினாவை 44–6 என்று ஜெயித்தார்கள். வேறு ஊரில் அதுதான் அன்றைய ஆட்டம். இங்கே இட்லி சாப்பிடும்போது அதைப் பார்த்துவிட்டு, மஞ்சள் கருப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிஜமான ஆட்டத்துக்குக் கிளம்பினோம். (மேலே எழுதிய வெலிங்டன் அக்காவுக்கு: ஆமாம், எங்களுக்கும் மஞ்சள் கருப்புதான், ஆனால் எங்களுடையது பட்டைப் பட்டையாக இருக்கும்.)

மைதானத்தின் ஒரு பக்கத்து ஸ்டாண்ட் நிலநடுக்கத்தைத் தாங்காது என்று இடித்துவிட்டார்கள், அந்தப் பக்கம் கட்டுமான வேலை. அதனால் ஆள் எல்லாம் ஒரே பக்கமாக நெருக்கி உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. கருப்பு வெள்ளைக்காரர்களும் எங்களோடு கலந்துதான் இருந்தார்கள். தரனாக்கி 22, ஹாக்ஸ் பே 19. 2014க்குப் பிறகு முதல் நிலையில் எங்களுக்குக் கிடைத்த முதல் பட்டம். நான் துள்ளினேன், மறைக்க மாட்டேன். திரும்பிப் பார்த்தால் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி, கருப்பு வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர். நம்ம முகம். தமிழா என்று கேட்டேன். தலையாட்டினார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஹேஸ்டிங்ஸிலிருந்து:

தம்பி, அது நான்தான். இந்த இழையைத் தொடங்கும்போது நீங்கள் வந்து எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

அன்று காலை நான்கு மணிக்குக் கிளம்பினேன், கூட பேக்ஹவுஸ் நண்பர் இருவர், சமோவாக்காரர்கள். மானாவட்டு பள்ளத்தாக்குச் சாலை 2017இலேயே மூடிவிட்டதால் சேடல் ரோடு வழியாக மலையேறி இறங்க வேண்டியிருந்தது. அந்த வளைவுகளில் இருட்டில் ஒருவர் பாடிக்கொண்டே வந்தார். பாமர்ஸ்டன் நார்த், வாங்கனுயி, ஹாவெரா. உலகக் கோப்பை ஆட்டத்தை வழியில் காரில் ரேடியோவில்தான் கேட்டோம். ஸ்ட்ராட்ஃபோர்டு தாண்டினதும் தரனாக்கி மலை பனியோடு முன்னால் எழுந்து நின்றது. வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிஷம் பார்த்தோம்.

மூன்று புள்ளி. ஒரே ஒரு பெனால்டி உதை. ஹாக்ஸ் பே என்பிசியின் முதல் நிலைப் பட்டத்தை இதுவரை வென்றதே இல்லை. அந்த வருஷம் கிடைத்திருக்க வேண்டும் என்று நான் இன்னமும் நம்புகிறேன். தரனாக்கி நன்றாக ஆடியது, அதையும் சொல்கிறேன். நீங்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்த பிறகுதான் எனக்குத் தொண்டையில் எதுவோ இறங்கியது.

திரும்பும்போது நள்ளிரவு தாண்டி டானிவர்க் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். கல்லாவில் இருந்த பெண் எங்கள் தொப்பியைப் பார்த்து, "கோப்பைக்குக் கிட்ட வந்துட்டோம் இல்ல?" என்றாள். "வந்துட்டோம்" என்றேன். ஆறு வருஷமாக இந்த மாகாணத்தில் இருக்கிறேன், ஒரு விஷயத்துக்கு "நாம்" என்று நான் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

மெக்லீன் பார்க்கில் அந்தத் தோட்டக்காரப் பெரியவர் அடுத்த சீசனிலும் அதே இருக்கைக்கு வந்தார். புதுக் கன்றுகள் நட்டுவிட்டதாகச் சொன்னார். காய்க்க இன்னும் சில வருஷம் ஆகுமாம்.

சரி, தெற்குத் தீவிலிருந்து இன்னும் ஒருவர்கூட எழுதவில்லை. டனீடின், இன்வர்கார்கில், நெல்சன் பக்கம் இருப்பவர்கள் வாருங்கள். 2024இல் டாஸ்மன் அணி எங்களிடமிருந்து கேடயத்தை எடுத்துக்கொண்டு போன கதையை உங்கள் பக்கத்திலிருந்து கேட்க ஆசை.