குவாசூலு-நட்டாலில் ஒன்பது நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஊர்சுற்றி_குமரன்

வணக்கம் நண்பர்களே. ஜூலை முதல் வாரம் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்துக்குக் கிளம்புகிறோம். நான், மனைவி, 12 வயது மகன், 7 வயது மகள், கூடவே 68 வயது அப்பா. இறங்குவதும் திரும்பி ஏறுவதும் டர்பனில்தான், நடுவில் ஒன்பது முழு நாள் இருக்கிறது. அங்கேயும் சாலையின் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் தைரியமாக வாடகைக் கார் எடுத்து நானே ஓட்டப் போகிறேன்.

சிக்கல் என்னவென்றால், தேடினால் முப்பது இடம் வருகிறது, எல்லாமே "கட்டாயம்" பார்க்க வேண்டியதாம். மகனுக்குக் காண்டாமிருகம், மனைவிக்கு மலை, மகளுக்குக் கடல், அப்பாவுக்கு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷன். எனக்கு யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பினால் போதும். அப்பா சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பார், ஏற்றம் என்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். சுத்த சைவம் வேறு.

குரூகர் தேசியப் பூங்காவையும் இதில் சேர்க்க முடியுமா? துகேலா நீர்வீழ்ச்சிதான் உலகத்திலேயே உயரம் என்கிறார்களே, அதற்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்?

உப்புக்காற்று

டர்பனில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன், இந்தக் கேள்வி வருடத்துக்கு நாலு முறை வாட்ஸ்அப்பில் வரும், அதனால் முதலில் எடுத்த எடுப்பில் குரூகரை அடித்துவிடுங்கள். அது வேறு மாகாணம், போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள், குழந்தைகள் பின்சீட்டில் அடித்துக்கொள்வார்கள். உங்கள் மகனுக்கு வேண்டியது காண்டாமிருகம் என்றால் குரூகரைவிட ஹுலுஹுலுவே-இம்ஃபோலோசிதான் பொருத்தமான இடம். 1895-லேயே காப்பகமாக அறிவித்த காடு அது. ஒரு காலத்தில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் உலகத்தில் இங்கே மட்டும்தான் ஒரு சின்னக் கூட்டமாக மிஞ்சியிருந்தது, 1960-களில் இங்கிருந்து பிடித்துத்தான் மற்ற காடுகளுக்கு அனுப்பினார்கள். இன்று வேறெங்கே தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும் அதன் பாட்டன் பாட்டி இந்தப் புல்வெளியில் மேய்ந்ததாகத்தான் இருக்கும். மகனிடம் சொல்லுங்கள், அந்த வயதுக்கு இந்தக் கதை நன்றாக ஏறும்.

ஜூலை அதற்குச் சரியான மாதம், அங்கே அப்போது குளிர்காலம். மழை கிடையாது, புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், மிருகங்கள் தண்ணீரைத் தேடி ஆற்றோரம் வரும். சொந்தக் காரிலேயே உள்ளே சுற்றலாம், ஆனால் காலை ஆறுக்குக் கதவு திறந்தவுடன் முதல் ஆளாக நுழையுங்கள். பத்து மணிக்கு மேல் எல்லாம் நிழலில் படுத்துவிடும். குறித்துக் கொடுத்த இடம் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது. யானை சாலையை மறித்தால் ஹாரன் அடிக்காதீர்கள், பேசாமல் பின்னால் வாருங்கள்.

தங்க ஹில்டாப், ம்பிலா என்று இரண்டு முகாம் இருக்கிறது. ஹில்டாப்பில் உணவகம் உண்டு, ம்பிலாவில் நாமே சமைக்க வேண்டும். ம்பிலாவைச் சுற்றி வேலி இல்லை. போன முறை நண்பர் ஒருவர் கோழி மாரினேட் செய்து வைத்த டப்பாவை வராந்தாவில் மறந்துவிட்டுப் படுத்தார், காலையில் மூடி மட்டும் புல்லில் கிடந்தது, அதில் வரிசையாகப் பல் பதிந்த ஓட்டை. கழுதைப்புலி. 7 வயதுப் பெண் இருப்பதால் நீங்கள் ஹில்டாப்பே பாருங்கள்.

அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் செயின்ட் லூசியா. அங்குள்ள ஈரநிலப் பூங்காவை இசிமங்கலிசோ என்பார்கள், சூலு மொழியில் அதிசயம் என்று அர்த்தம், 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. முகத்துவாரத்தில் இரண்டு மணி நேரப் படகுச் சவாரி போனால் நீர்யானையும் முதலையும் சலிக்கிற அளவுக்குப் பார்க்கலாம். அப்பாவும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், அதுதான் முக்கியம். ஆனால் எனக்குப் பிடித்தது படகு இல்லை. இரவு எட்டு மணிக்கு விடுதி வாசலில் யாரோ ஈரத் துணியைக் கிழிப்பது போல சர்ர் சர்ர் என்று சத்தம், டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு டன் உடம்பு ஒன்று தோட்டத்துப் புல்லைக் கடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறது, இரண்டு வீடு தள்ளி ஒருவர் ஒன்றும் நடக்காத மாதிரி குப்பைத்தொட்டியை உள்ளே இழுக்கிறார். அந்த ஊரில் இருட்டினதும் நீர்யானைகள் தெருவுக்கு வந்துவிடும். ஜன்னலிலிருந்து பாருங்கள், செல்ஃபிக்கு இறங்காதீர்கள்.

பாறைப்பல்லி

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் மலையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே.

குமரன், துகேலாவைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்து வந்து திட்டாதீர்கள். 948 மீட்டர் என்பது பழைய அளவு, புதிதாக அளந்தவர்கள் 983 என்கிறார்கள், அப்படிப் பார்த்தால் வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவியை மிஞ்சிவிடும். இந்தச் சண்டை ஓயாது. ஒரே தாவலாக விழுவதும் இல்லை, ஐந்து தட்டாக இறங்கும். ஆனால் நீங்கள் போவது ஜூலையில். கோடை மழை நின்று மாதக்கணக்கு ஆகியிருக்கும், தண்ணீர் நூல் மாதிரிதான் இருக்கும், சில நாள் காலையில் அந்த நூலும் உறைந்து பாறையில் வெள்ளைக் கோடாக ஒட்டியிருக்கும். மலையுச்சிக்குப் போகும் வழியில் இரும்புச் சங்கிலி ஏணி வேறு, செங்குத்தான பாறையில் தொங்கும். 7 வயதுக்கும் 68 வயதுக்கும் அது வேண்டாம்.

அதற்காக அந்த அருவி இருக்கிற ராயல் நட்டால் பூங்காவை விட்டுவிடாதீர்கள். அங்கே அருவியைவிட அந்தச் சுவர்தான் காட்சி. ஆம்பிதியேட்டர் என்று பெயர், ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நிற்கும் கரும்பாறை. காலை வெயில் அதில் விழும்போது சாம்பல் நிறம் ஆரஞ்சாக மாறுவதை அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். துகேலா பள்ளத்தாக்குப் பாதை போய்வர 14 கிலோமீட்டர் சொச்சம், பெரும்பாலும் தட்டையானது, கடைசியில் மட்டும் பாறை தாண்ட வேண்டும். நீங்களும் மகனும் போங்கள். மற்றவர்கள் ஒரு மணி நேரம் கூட வந்துவிட்டுத் திரும்பட்டும்.

இந்த மலைத்தொடரின் பெயர் டிராக்கன்ஸ்பர்க், அதாவது டிராகன் மலை, சூலுவில் உகஹ்லாம்பா, ஈட்டிகளை நட்டு வைத்த வேலி என்பார்கள். பார்த்தவுடன் எந்தப் பெயர் சரி என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்று, ஜூலையில் மலை பச்சையாக இருக்காது. புல் பழுப்பு, தீ பரவாமலிருக்க ஓரங்களைக் கருக்கியிருப்பார்கள், படத்தில் பார்த்த மாதிரி இல்லையே என்று மனைவி கேட்பார். பதிலுக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், கோடையில் தினமும் மத்தியானம் வருகிற இடி மின்னல் இருக்காது. இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், அப்பாவுக்குக் கம்பளித் தொப்பி அவசியம்.

இதே மலைத்தொடரில் ஜயன்ட்ஸ் காஸில் பக்கம் தங்கினால், அந்தப் பகுதியின் ஆதிகுடிகளான சான் மக்களின் குகை ஓவியம் பார்க்கலாம், முகாமிலிருந்து முக்கால் மணி நடை, வேலி போட்டு வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். ஈலண்ட் மான்களை அவ்வளவு நேரம் பார்த்திருந்தால்தான் அந்தக் கழுத்து மடிப்பை அப்படி வரைய முடியும். நான் அரை மணி நேரம் ஒரே பாறை முன்னால் நின்றேன், வழிகாட்டி இருமிக்காட்டினார்.

கறிவேப்பிலை

எல்லாரும் டர்பனை வெறும் விமான நிலையமாக நினைக்கிறீர்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வந்து கரும்புத் தோட்டத்து ஆட்களை இறக்கிய ஊர் இது. வடக்கே மவுண்ட் எட்ஜ்கம்ப் பக்கம் போனால் அவர்கள் கட்டிய கோயில்கள் இன்னும் இருக்கின்றன. கடைப் பலகைகளில் நாயுடு, கோவெண்டர், பிள்ளே என்று நம் பெயர்கள் ஆங்கிலத்தில் உருமாறித் தொங்கும். பேசிப் பார்த்தால் பலருக்குத் தமிழ் வராது, ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள்.

சைவம் கவலையே வேண்டாம். பன்னி சௌ என்று ஒன்று உண்டு, முயல் இல்லை, பயப்படாதீர்கள். பிரெட்டின் உள்ளே தோண்டி எடுத்துவிட்டுக் குழம்பை ஊற்றித் தருவது. பீன்ஸ் பன்னி கேளுங்கள், "குவார்ட்டர்" என்றால் கால் ரொட்டி, அதுவே ஒருவருக்கு அதிகம். தோண்டிய பிரெட் துண்டை மேலே மூடி மாதிரி வைத்திருப்பார்கள், அதில் தொட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கரண்டி கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

மகளுக்குக் கடற்கரை நடைபாதை, குளிரிலும் டர்பனில் பகலில் 22, 23 டிகிரி இருக்கும். சுறாவுக்கு எதிராகத் தடுப்பு போட்ட, கொடி நட்ட இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஜூலையில் திமிங்கிலமும் கடந்து போகும். இன்னொன்று, ஜூலை முதல் சனிக்கிழமை அங்கே பெரிய குதிரைப் பந்தயம், அறை வாடகை எகிறிவிடும், இன்றைக்கே பதிவு செய்யுங்கள்.

ஊர்சுற்றி_குமரன்

எல்லாருக்கும் நன்றி. குரூகர் அவுட், மகன் சமாதானம் ஆகிவிட்டான். மூன்று சந்தேகம். ராத்திரி ஓட்டலாமா? சானி கணவாய் போய் லெசோத்தோவை எட்டிப் பார்க்க எங்கள் மாதிரி ஆட்களால் முடியுமா? கொசு, மலேரியா எப்படி?

பாதிவழி

ராத்திரி ஓட்டாதீர்கள். நான் ஓட்டினேன். மலைப் பக்கம் விடுதிக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும்போது இருட்டிவிட்டது, சாலையில் மாடு படுத்திருந்தது, அதற்கு ஒதுங்கப்போய் ஒரு குழியில் விழுந்து டயர் பக்கவாட்டில் கிழிந்தது. மாற்று டயர் டிக்கிக்குள் இருந்தது, ஜாக்கின் கைப்பிடி இல்லை. அந்த வழியாக வந்த ஒரு பண்ணைக்காரர் தன் பிக்கப்பிலிருந்து ஒன்றை எடுத்துவந்து மாட்டிக் கொடுத்துவிட்டு ஒரு காசு வாங்கவில்லை. கார் கொடுத்த நிறுவனம் மட்டும் "டயரும் கண்ணாடியும் இன்சூரன்ஸில் வராது" என்று முழுத் தொகையையும் அட்டையில் பிடித்துக்கொண்டது. கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், ஜாக்கை வெளியே எடுத்துப் பாருங்கள். ஜூலையில் ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும், மூன்று மணிக்கே விடுதியை நெருங்கிவிடுகிற மாதிரி கிளம்புங்கள்.

சானியில் வாடகை செடானை விடமாட்டார்கள், நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிதான். கீழே அண்டர்பர்க், ஹிமவில் பக்கமிருந்து ஒரு நாள் சுற்றுலா வண்டிகள் போகும். உச்சி 2,800 மீட்டருக்கு மேல், குலுக்கலில் அப்பாவின் முழங்காலைவிட முதுகு பேசும். லெசோத்தோ வேறு நாடு என்பதால் பாஸ்போர்ட், விசா இரண்டையும் கிளம்பும் முன்னே விசாரித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் விட்டுவிடலாம்.

மலேரியா மலையிலும் டர்பனிலும் இல்லை. வடக்கே மொசாம்பிக் எல்லையை நெருங்க நெருங்கத்தான் கவனம், குளிர்காலத்தில் அதுவும் குறைவு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், கொசு களிம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று

அப்படியானால் வரிசை இதுதான்: செயின்ட் லூசியா இரண்டு இரவு, காட்டில் இரண்டு, அப்புறம் ஒரு முழு நாள் ஓட்டத்தில் மலை, அங்கே மூன்று, கடைசி இரண்டு டர்பன். மலையிலிருந்து இறங்கும் வழியிலேயே ஹோவிக் பக்கம் மண்டேலாவை 1962 ஆகஸ்ட் 5-இல் பிடித்த இடம் வரும். ஐம்பது இரும்புக் கம்பங்கள் தாறுமாறாக நிற்கும், பாதையில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் சட்டென்று அவர் முகம் சேரும், ஒரு அடி நகர்ந்தால் கலைந்துவிடும். குழந்தைகள் முன்னும் பின்னும் ஓடி விளையாடுவார்கள். பிறகு ஹோவிக் அருவி, 95 மீட்டர், மேலிருந்தே தெரியும், நடக்க வேண்டாம்.

அடுத்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், சிவப்புச் செங்கல் கட்டடம், பிளாட்பாரத்தில் ஒரு கல்வெட்டு. காந்தியை இறக்கிவிட்டது 1893 ஜூன் 7 ராத்திரி, இதே குளிர்காலம். அப்பாவுக்கு மட்டும் அவசரப்படுத்தாமல் நேரம் கொடுங்கள். என் மாமனாரைக் கூட்டிப்போனபோது ஸ்வெட்டர் பித்தானை மேலே வரை போட்டுக்கொண்டு அந்தப் பிளாட்பாரத்தில் இருபது நிமிடம் ஒன்றும் பேசாமல் நடந்தார், காருக்கு வந்ததும் "சாப்பிட என்ன இருக்கு?" என்றார்.

அங்கே சிக்னலை "ரோபோ" என்பார்கள். மூன்றாவது ரோபோவில் இடது பக்கம் திரும்பு என்று யாராவது வழி சொன்னால் பொம்மையைத் தேடாதீர்கள்.