பறவை எடுக்க பிரிட்ஜ் கேமராவா, டிஎஸ்எல்ஆரா?

மதுராந்தகம்_வாத்தியார்:
வணக்கம். பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். சனி, ஞாயிறுகளில் வேடந்தாங்கல், கரிக்கிலி. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பார்த்த பறவையைப் படத்தோடு இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். நல்ல படம் அமைந்தால் பெரிதாக பிரிண்ட் போட்டு வகுப்பில் மாட்ட ஆசை. பட்ஜெட் ஒரு லட்சம். லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமராவான நிக்கான் பி950 வாங்கலாமா, செகண்ட் ஹேண்டில் லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆரான நிக்கான் டி7200-உம் டாம்ரான் 150-600 லென்ஸும் பார்க்கலாமா?

கரிச்சான்:
பி950 வேண்டாம் சார். அதன் சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) 6 மி.மீ. சொச்சம் அகலம். டி7200-இல் 23.5 மி.மீ. பரப்பில் 13 மடங்கு வித்தியாசம். வேடந்தாங்கலில் பறவைகள் கூட்டமாகத் திரும்புவதே சாயங்காலம். அந்த மங்கல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ-வை, அதாவது ஒளி உணர்திறனை, 1600-க்கு ஏற்றினால் பி950-இல் கூழைக்கடாவின் இறகெல்லாம் ஒரே குழைவாகிவிடும், ஒரு இறகையும் பிரித்துப் பார்க்க முடியாது. 83 மடங்கு ஜூம் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள்.

நீர்க்கோழி:
கரிச்சான், அந்த 13 மடங்கு பறவை ஃபிரேமை நிறைத்து நிற்கும்போதுதான். வேடந்தாங்கலில் நாம் நிற்பது கரையில். கூடுகள் ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்களில். கிட்டப் போகவும் முடியாது, போகவும் கூடாது.

டி7200-இல் 600 மி.மீ. போட்டால் ஃபுல் ஃபிரேம் கேமரா கணக்கில் 900-க்குச் சமம். அதே கணக்கில் பி950 போவது 2000 வரை. பறவையை அதே அளவுக்குக் கொண்டுவர நீங்கள் படத்தின் ஓரங்களை வெட்டி கிராப் செய்தால் சென்சாரில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 24 மெகாபிக்சல் ஐந்துக்கும் கீழே வந்துவிடும். பி950-இல் 16 மெகாபிக்சலும் பறவை மேலேயே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் 13 மடங்கு கிட்டத்தட்ட 3 மடங்காகிவிடுகிறது. எடையையும் சொல்லிவிடுகிறேன்: பி950 ஒரு கிலோ, நீங்கள் சொல்லும் செட் இரண்டே முக்கால் கிலோ.

கரிச்சான்:
சரி, மூன்று மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அது சின்ன விஷயமா? டாம்ரானில் 600 மி.மீ. எஃப்/6.3 என்றால் லென்ஸின் திறப்பு 95 மி.மீ. பி950 முழு ஜூமில் 55 மி.மீ.தான். தூரத்துப் பறவையிடமிருந்து எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதை அந்தத் திறப்புதான் தீர்மானிக்கிறது. மெகாபிக்சலைக் கூட்டி அதை ஈடுகட்ட முடியாது.

பறக்கும் பறவைக்கு வாருங்கள். உள்ளான்களில் கிரீன் சேண்ட்பைப்பருக்கு இறக்கையின் அடிப்பக்கம் கருப்பு, வுட் சேண்ட்பைப்பருக்கு வெளிர் நிறம். விரட்டாமலே எழும்பிப் பறக்கும் அந்த இரண்டு நொடியில் டி7200 ஃபோகஸ் பிடித்துவிடும். பி950-இல் பறவையை ஃபிரேமுக்குள் கொண்டுவருவதற்குள் அது அக்கரை போய்ச் சேர்ந்திருக்கும்.

நீர்க்கோழி:
பறப்பதை எடுப்பதில் டிஎஸ்எல்ஆர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேண்ட்பைப்பர் நாளில் பெரும்பாலான நேரம் சேற்றில் நின்று மேய்கிறது. வுட் என்றால் கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். கிரீனில் கண்ணோடு நின்றுவிடும். அதைப் பிரித்துக் காட்டும் படம் இருந்தால் இ-பேர்டுக்குப் போதும்.

தூரப்பார்வை:
இரண்டு பேரும் காற்றை மறந்துவிட்டீர்கள். வெயில் ஏறியதும் கரைக்கும் மரத்துக்கும் நடுவே காற்று அலையத் தொடங்கும். நத்தைகுத்தி நாரையின் மூடிய அலகில் தெரியுமே ஓர் இடைவெளி, அதுகூட நெளிந்து தெரியும். எந்த லென்ஸ் வைத்தாலும் அதுதான் கதி. ஜூம் நீள நீள அது இன்னும் துலக்கமாகத் தெரியும். காலை எட்டரைக்குள் எடுத்து முடிப்பவருக்குத்தான் 2000 மி.மீ. உபயோகம். வாத்தியார் சார், நீங்கள் எந்த நேரம் போகிறீர்கள்?

மதுராந்தகம்_வாத்தியார்:
விடிகாலையில் பைக்கில் கிளம்பிவிடுவேன், பத்துக்குள் திரும்பிவிடுவேன். எடை பொருட்டில்லை. என் சங்கடம் வேறு: போன ஜனவரி கணக்கெடுப்பில் தூரத்து உள்ளான்களில் பலவற்றை இனம் குறிக்காமல் வெறும் சேண்ட்பைப்பர் என்றே பதிய வேண்டியிருந்தது. மாணவர்கள் "சார், இது எது?" என்று கேட்டார்கள், பதில் இல்லை. அதைத் தீர்ப்பதுதான் முதல் வேலை, பிரிண்ட் அப்புறம். பி950 பக்கம்தான் மனம் போகிறது.

கரிச்சான்:
முதல் வேலை அதுதான் என்றால் வாங்குங்கள், தடுக்கவில்லை. ஆனால் வகுப்புச் சுவரில் மாட்டும் படத்துக்கு என் கருத்து மாறாது. சீசன் உச்சத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் டிஎஸ்எல்ஆரும் 150-600-உம் வாடகைக்கு எடுங்கள். கரைக்குப் பக்கத்து மரத்தில் சங்குவளை நாரை வந்து உட்காரும்போது பிரிண்டுக்கான படத்தை அதில் எடுத்துவிடலாம்.

நீர்க்கோழி:
அந்த யோசனை நல்லது, செய்யுங்கள் சார். பி950 கைக்கு வந்ததும் ரா ஃபார்மேட்டை (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) ஆன் செய்துவிடுங்கள், ஐஎஸ்ஓ-வை 400-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். முழு ஜூமில் பறவை ஃபிரேமை விட்டு நழுவினால் லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். காட்சி அகலமாகும், பறவையை நடுவில் கொண்டுவந்து விட்டுவிட்டால் பழைய ஜூமுக்கே திரும்பும். கணக்கெடுப்புக்கு முன்னால் வீட்டு மாடியில் காக்கையை வைத்து இதைப் பழகிக்கொள்ளுங்கள்.