நாய்க்குச் சந்தோசம் வந்தா ஏன் வீணி வடியுது? உங்கட அனுபவத்தை எழுதுங்கோ

உப்புவெளிப் பிள்ளை

சாப்பாட்டைக் கண்டா வடியும், அது எல்லாருக்கும் தெரியும், நான் கேக்கிறது அதை இல்ல. எங்கட கறுப்பன் சும்மா ஊர் நாய், தொங்குற சொண்டும் இல்ல, ஒட்டின வாய். அண்ணா கட்டார்ல இருந்து வந்த அண்டைக்கு வான் படலையடியில நிண்டுது, எல்லாரும் பெட்டி இறக்குறம், சத்தம் போடுறம், அம்மா அழுறா. இவன் குரைக்கவே இல்ல. அண்ணாட காலடியில வந்து நிண்டு மேல பாத்துக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்குது, ரெண்டு கடவாயாலயும் நூல் நூலா வீணி இறங்கி அண்ணாட புதுச் சப்பாத்தில சொட்டுது. அண்ணாட கையில ஒரு பிஸ்கட் கூட இல்ல. அம்மா பசியாக்கும் எண்டு சோறு வச்சா, அதை மணந்தும் பாக்கேல்ல. சாப்பாடே இல்லாம வாய் ஏன் ஊறினது? கனநாளா இது மண்டைக்குள்ள நிக்குது. ஆருக்காவது இப்பிடி நடந்ததா?

திருக்கடலூரான்

எங்கட ஒழுங்கைக்குப் பின்னேரத்தில பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வரும். அந்தப் பாட்டு ரெண்டு ஒழுங்கை தள்ளிக் கேக்கேக்கயே எங்கட நாய்க்கு வாய் ஊறத் தொடங்கிடும், ஏனெண்டா அப்பா மாலுபணிஸ் வாங்கிக் கிள்ளிப்போட்டு உள்ளுக்குள்ள இருக்கிற மீனை அதுக்குத்தான் குடுப்பார். ஒருநாள் மருமகளின்ட விளையாட்டுப் போன்ல அதே பாட்டு வந்துட்டுது. நல்ல மத்தியானம், கச்சான் காத்து அடிக்குது, றோட்டில ஒரு சனம் இல்ல. நித்திரையில கிடந்த நாய் துள்ளி எழும்பிப் படலையைப் பாத்துக்கொண்டு நிக்குது, சீமெந்து நிலத்தில சொட்டுச் சொட்டா விழுது. படலையைப் பாக்குது, திரும்பிப் போனைப் பாக்குது, திரும்பப் படலையைப் பாக்குது. அந்தப் பார்வையை எனக்கு மறக்கேலாது. நான் எழும்பிக் கடைக்குப் போய் மாலுபணிஸ் வாங்கிக்கொண்டு வந்துதான் விட்டன்.

ரஷ்யாவில பாவ்லோவ் கண்டதும் இதைத்தான். அந்த மனுசன் ஆராய்ஞ்சது சமிபாட்டை, அதுக்குத்தான் 1904 இல நோபல் பரிசு குடுத்தது. நாயின்ட உமிழ்நீர்க் குழாயை வெளியால எடுத்துவிட்டு எத்தினை துளி வருது எண்டு கணக்குப் பாத்துக்கொண்டு இருந்தவர், சாப்பாடு வாயில படமுன்னமே சுரக்கிறதைக் கவனிச்சவர். பிறகுதான் டிக் டிக் எண்டு தாளம் தட்டுற மெட்ரோனோம் சத்தம் எல்லாம் வச்சுப் பழக்கிப் பாத்தது. அப்ப தங்கச்சி, உங்கட கறுப்பனுக்கு அண்ணாதான் பாண் ஓட்டோப் பாட்டு. அண்ணா போகமுன்னம் அதுக்கு ஆர் மீன்தலை வச்சது எண்டு அம்மாட்டக் கேட்டுப் பாருங்கோ.

பாலையூற்று அக்கா

தம்பி, எல்லாத்தையும் சாப்பாட்டோட கொண்டுபோய் முடிக்காதீங்கோ. பிள்ளை தெளிவா எழுதியிருக்கிறா, சோத்தை மணந்தும் பாக்கேல்ல எண்டு.

நான் வேலை செய்யிற இடத்தில, நிலாவெளிப் பக்கம், முதலாளியின்ட லாப்ரடோர் ஒண்டு இருக்கு. நான் அதுக்கு ஒருநாளும் சாப்பாடு வச்சதில்ல, வைக்க விடவும் மாட்டினம். ஆனா கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறது நான்தான். சுவர்ல ஆணியில கொழுவியிருக்கிற கயித்தில என்ட கை பட்டாப் போதும், ரெண்டு பக்கச் சொண்டாலயும் கொட்டும். ஒருக்கா கயித்தைக் கையில எடுத்துப்போட்டு ஆரோ கூப்பிட்டு நிண்டு கதைச்சிட்டன், அது அசையாம என்ட முகத்தையே பாத்துக்கொண்டு நிக்குது, என்ட பாதம் ரெண்டும் நனைஞ்சு போச்சு. இதில சாப்பாடு எங்க வந்தது?

எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். நாய்க்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி நாலு சோடி இருக்கு, காதுக்குக் கீழ, தாடைக்குள்ள, நாக்குக்கு அடியில, பிறகு கண்ணுக்குக் கீழ கன்ன எலும்போட ஒண்டு. சும்மா படுத்திருக்கேக்கயும் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாச் சுரந்துகொண்டுதான் இருக்கும், நாய் விழுங்கிக்கொண்டே இருக்கும், அதால எங்களுக்குத் தெரியாது. மனம் பதறேக்க வாய் திறபடுது, நாக்கு வெளியால வருது, மூச்சு நிமிசத்துக்கு 200 தரத்துக்கு மேலயும் போகும். அந்த வேகத்தில மூச்சு விடேக்க விழுங்குறது குறையும், சுரக்கிறது நிக்காது, அப்ப அது எங்க போறது? வெளியாலதான் வரும். அதோட நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்தில மட்டும் கொஞ்சம் வேர்க்கும். நாக்கிலயும் வாயிலயும் இருக்கிற ஈரம் காஞ்சாத்தான் உடம்புச் சூடு இறங்கும், அதால இளைக்கேக்க சுரப்பியும் கூட வேலை செய்யும். எங்கட திருமலை, அதான் திருகோணமலை வெயிலுக்கு ரெண்டு துள்ளுத் துள்ளினாலே இளைப்பு வந்துடும்.

பிறகு சொண்டு. செயின்ட் பெர்னாட், மஸ்டிஃப், நியூஃபவுண்ட்லாண்ட் மாதிரி நாயளுக்கு மேல்சொண்டு தொங்கி ஒரு பை கிடக்கு, அதுக்குள்ள தேங்கி நிண்டு தலையை ஆட்டேக்க சுவரெல்லாம் தெறிக்கும். அதுகளுக்குச் சுரக்கிறது கூட எண்டு இல்ல, உள்ளுக்குள்ள நிண்டுபிடிக்காது, அவ்வளவுதான். ஊர் நாய்க்கு வாய் இறுக்கம், அதால வெளியால கொட்டினா உண்மையாவே கடும் பதட்டம் எண்டு நான் நினைக்கிறன். இன்னொண்டு, உங்கட ஆக்கள் வீட்டில தரையில மாபிள் போட்டிருந்தாக் கவனம், வீணியில சறுக்கி எங்கட முதலாளியம்மா விழுந்து கை உடைஞ்சது. நாய் நிக்கிற வாசல்ல ஒரு சணல் சாக்கு போடுங்கோ, துணிப் பாய் போடாதீங்கோ, அது மணக்கும், கிழமைக்கு ரெண்டு தரம் வெயில்ல காய விடுங்கோ, தண்ணிக் கோப்பையையும் ஒவ்வொரு நாளும் தேய்ச்சுக் கழுவோணும், அந்த வழுவழுப்பு கிருமி சேந்து படியிற படலம்.

கோட்டையடியான்

நான் பாத்தது சந்தோசமா என்னவெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. விடிய நடக்கப் போகேக்க எங்கட நாயும் பின்னால வரும். பிரெட்ரிக் கோட்டைக்குள்ள இருக்கிற புள்ளிமான் சில நேரம் வெளியால கடற்கரைப் பக்கமும் மேய வரும், திருமலையில இருக்கிற ஆக்களுக்குத் தெரியும்தானே, ஆக்களுக்குப் பயமில்ல, கையில இருக்கிற பழத்தையே பறிக்கும். அண்டைக்கு ஒரு குட்டி தாயை விட்டு விலகி நிண்டுது. எங்கட நாய் ஒரு முன்னங்காலைத் தூக்கினபடி அப்பிடியே நிண்டுட்டுது. வால் ஆடேல்ல, இளைப்பு இல்ல, வாய் மூடித்தான் இருக்கு, ஆனா கடவாயால தெளிஞ்ச தண்ணி வழியுது. நான் பேர் சொல்லிக் கூப்பிடுறன், காது கூடத் திரும்பேல்ல. குட்டியும் இதையே பாத்துக்கொண்டு நிக்குது. வீட்டில என்ட பிள்ளையோட ஒண்டா உருண்டு விளையாடுற நாய் அது. அந்த முகத்தை நான் முந்தி ஒருக்காலும் காணேல்ல.

அக்கா, நீங்கள் சொன்ன இளைப்பு இதில இல்ல. வாய் மூடியே வடிஞ்சது. அப்ப தம்பி சொன்னதிலயும் ஏதோ உண்மை இருக்கு, மான் இறைச்சி ருசி அதுக்குத் தெரியாது, ஆனா உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு. இப்ப கயிறு இல்லாம கூட்டிக்கொண்டு போறதில்ல.

லிங்கநகர்

எல்லாரும் சந்தோசம் சந்தோசம் எண்டு எழுதுறீங்கள், பயத்துக்கும் இதே வீணிதான் வரும். நவராத்திரிக் கும்ப ஊர்வலம் எங்கட றோட்டால போன இரவு, பறை, பம்பை, சனத்தின்ட ஆரவாரம், இடையில வெடியும். எங்கட ஜிம்மி கட்டிலுக்குக் கீழ போய்ச் சுவரோட ஒட்டிக்கொண்டுது. டோர்ச் அடிச்சுப் பாத்தா நெஞ்சு மயிர் முழுக்க நனைஞ்சு கிடக்கு, கண் ரெண்டும் வெள்ளை தெரியிற மாதிரி முழிச்சுக்கொண்டு நாக்கால மூக்கை நக்கி நக்கி விழுங்குது. பக்கத்து வீட்டு அண்ணை எட்டிப் பாத்திட்டு "அதுக்கும் திருவிழாச் சந்தோசம்" எண்டவர். எனக்கு அந்தக் கதை இன்னும் ஆறேல்ல. வால் எங்க இருக்கு எண்டு பாருங்கோ, காலுக்கிடையில கிடந்தா அது சந்தோசம் இல்ல. காது பின்னால சாஞ்சிருக்கும், கொட்டாவி விடும், கையில இறைச்சி வச்சுக் குடுத்தாலும் எடுக்காது.

அன்புவழிபுரம்

விசர் எண்டு சொல்லி என்ட நாயைக் கொல்லப் பாத்தவை. இதை எழுதாம இருக்கேலாது.

எங்கடது கடுவன். மேல் ஒழுங்கையில ஒரு பெட்டை நாய் பருவத்தில திரிஞ்சது, அது மூத்திரம் பெய்த புல்லை இவன் மணந்து, நாக்கால நக்கி, பிறகு தலையைத் தூக்கிக்கொண்டு பல்லு டக டக எண்டு அடிக்குது, வாயில வெள்ளை நுரை. கண் எங்கயோ சொருகி நிக்குது. குளிருக்கு நடுங்குற ஆள் மாதிரி. அதைக் கண்ட ஒருத்தர் "விசர் நாய்!" எண்டு கத்தினார், நான் உள்ளுக்குள்ள இருந்து ஓடி வாறதுக்குள்ள ரெண்டு பேர் பொல்லோட நிக்கினம். நான் நடுவில நிண்டு நாயைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டன். ஊசி போட்ட அட்டையைக் கொண்டுவந்து காட்டினாப் பிறகும் ஒருத்தர் பொல்லைக் கீழ போடேல்ல.

பேந்து மிருக வைத்தியர்தான் விளங்கப்படுத்தினவர். மேல்வாயின்ர முன்பக்கம், முன்பல்லுக்குப் பின்னால ஒரு சின்ன வழி இருக்காம், அதுக்கு மேல மணத்தைப் பிடிக்கிறதுக்கெண்டே ஒரு உறுப்பு. மணத்தை அங்க ஏத்துறதுக்குத்தான் நாக்கும் தாடையும் அப்பிடி அடிக்கிறது, வீணி காத்தோட அடிபட்டு நுரைக்கிறது. கடுவன் நாயள் இப்பிடிச் செய்யிறது வழமை எண்டவர். நுரையைக் கண்ட உடன பொல்லுத் தூக்கிறவையளுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?

ஓய்வுபெற்ற தாதி

தம்பி, உங்கட கோபம் நியாயம். ஆனா பயந்த சனத்தையும் நான் குறை சொல்ல மாட்டன். நான் வார்ட்டில விசர்நாய்க்கடி வந்த ஒரு மனுசனைப் பாத்தனான், தண்ணி விடாய்க்குது எண்டு கேட்டவர், கோப்பையைக் கிட்டக் கொண்டுபோகத் தொண்டை இறுகிக் கையால தட்டிவிட்டவர். தண்ணி கேட்ட அதே ஆள். கடிச்சது வீட்டு நாய்க்குட்டி, சின்னக் கீறல் எண்டு விட்டிட்டினம்.

அதால கொஞ்சம் நீளமாச் சொல்லுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. விசர் நாய்க்கு வீணி வடியிறது சந்தோசத்தில இல்ல, தொண்டையும் தாடையும் வழங்காமல் போய் விழுங்கேலாது. குரைப்புச் சத்தம் மாறும், தாடை தொங்கும், கல்லையும் கட்டையையும் கடிக்கும், இல்லாட்டி ஒரு மூலையில சோந்து கிடக்கும், தெரிஞ்ச ஆளையும் கடிக்கும். பதட்டத்தில வடியிற வீணி அந்த நேரத்தோட நிண்டுடும், கயித்தைத் திருப்பி ஆணியில கொழுவினா, வெடி நிண்டா, கொஞ்ச நேரத்தில வாய் காயும். நிக்காம வடிஞ்சாத்தான் யோசிக்கோணும். ஆனா நல்லா இருக்கிற நாய் எண்டு தெரிஞ்சாலும் ஊசி போடாத நாயின்ட வீணியை லேசா எடுக்காதீங்கோ, வருத்தம் வெளியில தெரிய சில நாளைக்கு முன்னமே கிருமி வீணிக்குள்ள வந்துடும். புண்ணில, கண்ணில, வாயில பட்டாலும் கடிச்ச மாதிரித்தான். உடனே பைப்பைத் திறந்து, கண்ணுக்கும் வாய்க்கும் தண்ணி மட்டும், மற்ற இடத்துக்குச் சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவோணும், மணிக்கூட்டைப் பாத்துக் கழுவுங்கோ. மஞ்சள், தேசிக்காய், மிளகாய்த்தூள் ஒண்டும் பூசாதீங்கோ. கழுவினாப் பிறகு ஆஸ்பத்திரி, எங்கட அரசாங்க ஆஸ்பத்திரியில தடுப்பூசிக்குக் காசு எடுக்க மாட்டினம். அறிகுறி வந்தாப் பிறகு காப்பாத்த வழி இல்ல எண்டே வச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளையளின்ட முகத்தை நாய் நக்க விடுற ஆக்கள் வருசா வருசம் நாய்க்கு ஊசி போடுறதைத் தவறவிடாதீங்கோ.

அன்புவழிபுரம்

அம்மா, நான் ஊசி போடாத நாயைப் பற்றி எழுதேல்ல. அட்டையைக் காட்டினான் எண்டுதான் எழுதினனான். நீங்கள் சொன்ன அறிகுறி ஒண்டும் அவனுக்கு இல்ல. அதை அடிக்க முன்னம் பாக்கோணும் எண்டதுதான் என்ட கதை.

கிண்ணியா நானா

நாங்க நாய் வளக்கிறல்ல, எங்கட மார்க்கப்படி வீணி பட்டா ஏழு தரம் கழுவோணும், அதில ஒரு தரம் மண் போட்டு. ஆனா வயல் வாடியில காவலுக்கு ஒண்டு தானா வந்து தங்கினிச்சி. யானை வெடி போட்டா ஓடாது, எங்களோடயே நிக்கும். சூடு மிதிச்சி முடிஞ்ச அண்டைக்கு வாப்பா தூரத்தில வரம்பால வாறார், வாப்பாவக் கண்டதும் இது சுத்திச் சுத்தி ஓடி வந்து சரியா வாப்பாட சாரத்துக்கு ஒரு முழம் தள்ளி நிண்டுட்டு, வாயால ஒழுகுது, ஆனா கிட்ட வரல்ல. ஆரும் அதுக்குச் சொல்லிக் குடுக்கல்ல. வாப்பா கண் கலங்கிட்டார். அதுக்கு எங்கட தூரம் எப்பிடி விளங்கினிச்சி எண்டு இப்பயும் யோசிப்பன்.

சல்லி

எல்லாரும் மனசைப் பற்றிக் கதைக்கிறீங்கள், வாயைத் திறந்து பாருங்கோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. கரைவலை இழுத்து முடியேக்க எங்கட நாய் ஒவ்வொரு நாளும் வீணி வடிய நிக்கும், அது வழமை. ஒருநாள் வலையும் இல்ல, மீனும் இல்ல, ஒரு பக்கக் கடவாயால மட்டும் வடியுது, முன்னங்காலால முகத்தை வழிச்சு வழிச்சு விடுது. பெடியள் "மீன் நினைப்பு" எண்டாங்கள். நான் வாயைத் திறந்தன், அண்ணத்தில குறுக்கால, ரெண்டு பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில எலும்பு இறுகிக் கிடக்கு. அந்த மணம் கைக்குப் போக ரெண்டு நாள் எடுத்தது.

பாலையூற்று அக்கா, சொண்டு தொங்கினா ரெண்டு பக்கத்தாலயும்தான் வடியும். ஒரு பக்கத்தால மட்டும், அதுவும் மணத்தோட, இரத்தம் கலந்து வந்தா அது வேற. தேரையைக் கவ்வினாலும் நுரை தள்ளும், அதுக்கு வாயைப் பக்கவாட்டால தண்ணி விட்டுக் கழுவோணும், தொண்டைக்குள்ள தண்ணி போகாம தலையைக் கீழ சரிச்சுப் பிடிச்சு, பிறகு வைத்தியரிட்டக் கொண்டுபோகோணும். கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் தூண்டில் விசயத்தில கவனம். தூண்டில் முள்ளை நாய் விழுங்கியிருந்தா இழுக்காதீங்கோ, அதுக்கு எதிர்க்கொக்கி இருக்கு, குடலைக் கிழிச்சுப்போடும். வெளியால தொங்கிற தங்கூசி நூலை வெட்டவும் வேண்டாம், அதைக் கழுத்துப் பட்டியில சுத்திக் கட்டிப்போட்டு அப்பிடியே வைத்தியரிட்டக் கொண்டுபோங்கோ, தங்கூசி கையில கிடைச்சாத்தான் அவைக்கு முள் எங்க கிடக்கு எண்டு பிடிக்க லேசு.