சயின்ஸ் ஃபிக்‌ஷன் சண்டைப் படத்துல பொம்பளைக்கு என்ன வேலை?

வேலந்தாவளம் வெயில்:
நேத்து டிவியில மறுபடி ‘எந்திரன்’ (2010). அந்தத் தீ விபத்துக் காட்சி இப்பவும் பொறுக்க முடியலைங்க. குளிச்சிட்டிருந்த பொண்ணைச் சிட்டி அப்படியே தூக்கிட்டு வந்து ஊர் முன்னாடி, கேமரா முன்னாடி நிறுத்துது. கூனிக்குறுகி ஓடினவ வண்டியில அடிபட்டுச் செத்துப்போறா. அடுத்த பேச்சே ரோபோவுக்கு உணர்ச்சி ஊட்டறதைப் பத்தித்தான். மெஷின் பாடம் படிக்க ஒரு பொண்ணு சாகணுமா?

களியக்காவிளை ரப்பர்:
அக்கா, மானத்தைப் பாக்காம படம் புடிச்ச டிவிக்காரனைத்தானே அந்தக் காட்சி குத்திக் காட்டுது?

வேலந்தாவளம் வெயில்:
குத்தட்டும் தம்பி. செத்தவ யாரு, என்ன படிச்சா, ஏதாச்சும் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

மீனாட்சிபுரம் மாமா:
சண்டைப் படத்துக்குப் போயி இதெல்லாமா பாக்கறது கண்ணு? ‘கல்கி 2898 ஏடி’ (2024) பாத்தீல்ல, கதையே தீபிகாவைச் சுத்தித்தான்.

வேலந்தாவளம் வெயில்:
அவளைச் சுத்தியா, அவ வயித்துல இருக்கற புள்ளையைச் சுத்தியா மாமா? பேரே எஸ்யூஎம்-80. சினை மாட்டுக் காதுல மாட்டற டேக் மாதிரி.

களியக்காவிளை ரப்பர்:
நம்பர் போட்டது வில்லனாக்கும். அதுக்குப் படத்தைத் திட்டுனா எப்படி?

கொழிஞ்சாம்பாறை பஸ்:
‘ஏலியன்’ (1979) பாருங்க. ரிப்ளி விண்வெளிச் சரக்குக் கப்பல்ல வேலை பாக்கறவ. முகத்துல ஜந்து ஒட்டின ஆளோட கேப்டன் வெளியே நின்னு கதவைத் திறங்கறார். இவ மாட்டேங்கறா. தொற்று விதி இருக்கு, திறந்தா எல்லாரும் சாவோம்னு. அவ பேச்சை மீறி வேற ஒருத்தன் திறந்துடறான், அப்புறம் கிட்டத்தட்ட அத்தனை பேரும் சாகறாங்க. எனக்கு அவ கடைசியில போடற சண்டையை விட இந்தக் கதவுதான் பெருசு. அவளுக்கு வேலை தெரியும், அதான் கதையே.

களியக்காவிளை ரப்பர்:
அதே ரிப்ளியைத்தான் கடைசியில உள்ளாடையோட நிறுத்துனாங்க. அதையும் சொல்லணும்லா?

கொழிஞ்சாம்பாறை பஸ்:
நிறுத்துனாங்க, எனக்கும் அது பிடிக்கலை. ஆனா அடுத்த பாகத்துக்கு (1986) அந்த நடிகை சிகோர்னி வீவருக்குச் சிறந்த நடிகை ஆஸ்கார் பரிந்துரையே வந்துச்சு. சண்டைப் படத்துக்கு அது லேசுல கிடைக்காது.

மீனாட்சிபுரம் மாமா:
வெள்ளைக்காரனை விடுங்கப்பா. நம்ம பக்கத்துலயே ‘லோகா’ (2025) வந்துச்சே, கல்யாணி பறந்து பறந்து அடிக்குது.

களியக்காவிளை ரப்பர்:
அது நீலி கதையாக்கும் மாமா. எங்க பக்கத்து யட்சி. அதுல சயின்ஸ் எங்க இருக்கு?

வேலந்தாவளம் வெயில்:
அதைத்தான் நானும் கேக்கறேன். யட்சியா இருந்தாத்தான் பொம்பளை அடிக்கலாமா? வேலைக்குப் போயிட்டு வர்ற சாதாரண மனுஷி அடிச்சா ஆகாதா?

களியக்காவிளை ரப்பர்:
‘மின்னல் முரளி’ (2021) பிஜி இருக்காளே. கராத்தே சொல்லிக் குடுக்கறவ, சக்தி கிக்தி ஒண்ணும் கிடையாது.

வேலந்தாவளம் வெயில்:
பிஜியை எனக்கும் புடிக்கும். ஆனா சக்தி குடுக்கற அந்த மின்னல் என்னமோ ரெண்டு ஆம்பளை மேலதான் அடிச்சுது.

மீனாட்சிபுரம் மாமா:
பிஜியை வெச்சுத் தனியா படம் எடுத்தா எவன் டிக்கெட் எடுப்பான்?

கொழிஞ்சாம்பாறை பஸ்:
‘லோகா’வுக்கு எடுத்தாங்களே மாமா. நீங்களும்தான் போனீங்க.