ஒரே ஃபார்ம் ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் ஒவ்வொரு மாதிரி தெரியுது, யாரைத் திட்டுறது?

கட்டம்கட்டி

ஒரு பயிற்சி மையத்துக்கு அட்மிஷன் ஃபார்ம் பண்ணிக் கொடுத்தேன். பெயர், பிறந்த தேதி, மாவட்டம், போட்டோ அப்லோடு, அவ்வளவுதான். விண்டோஸ் குரோம்ல பார்த்துப் பார்த்து அடுக்கினது. கிளையன்ட் கையில மேக்புக். சஃபாரில திறந்து பார்த்துட்டு, ஸ்கிரீன்ஷாட்ல சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிட்டாரு.

மாவட்டத்தைப் பட்டியல்ல இருந்து எடுக்கிற செலக்ட் பாக்ஸுக்கு 44 பிக்சல் ஹைட் கொடுத்திருக்கேன். சஃபாரி அதைச் சட்டையே பண்ணல. பெயர் பெட்டி உயரமா நிக்குது, பக்கத்துல இது மட்டும் சப்பையா, ஓரம் வளைஞ்சு, தன் இஷ்டத்துக்கு ஒரு அம்புக்குறியோட உட்கார்ந்திருக்கு. ரெண்டுக்கும் 300 பிக்சல் அகலம்னு ஒரே மாதிரி எழுதியும் வலது ஓரம் நேரா வரல. ஃபயர்பாக்ஸ்ல போட்டோ பட்டன்ல இருக்கிற எழுத்தே வேற.

இத்தனை வருஷமாச்சு, இன்னும் ஒரு பெட்டியை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வரைய முடியலைன்னா அது பிரவுசர் கம்பெனிகளோட சோம்பேறித்தனம். அடுத்த ப்ராஜெக்ட்ல எல்லாத்தையும் டிவ் (தனக்குன்னு எந்த வேலையும் இல்லாத வெறும் பெட்டி) வச்சு நானே வரையப்போறேன். மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க.

பழைய_ஃபைல்

இருக்கிறது. அந்தப் பெட்டியை ஆரம்பத்தில் பிரவுசர் வரையவே இல்லை தம்பி. 1993-ல் மொசைக் என்ற ஆரம்பகால பிரவுசர் யுனிக்ஸில் ஓடியபோது பட்டனும் டெக்ஸ்ட் பெட்டியும் அங்கிருந்த மோட்டிஃப் தொகுப்பின் விட்ஜெட்டுகள், அதாவது தயார் பாகங்கள். விண்டோஸில் ஓடினால் விண்டோஸ் பட்டன், மேக்கில் மேக் பட்டன். "இங்கே ஒரு பெட்டி வேண்டும்" என்று ஓஎஸ்ஸிடம் (ஆபரேட்டிங் சிஸ்டம்) கேட்டு வாங்கி வைத்ததோடு பிரவுசரின் வேலை முடிந்தது. 1995-ல் ஆர்எஃப்சி 1866 என்ற இணையத் தர ஆவணமாக எச்டிஎம்எல் 2.0 வந்தபோது இன்புட், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியா எல்லாம் அதில் இருந்தன. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் வந்ததே அதற்கு அடுத்த வருடம் டிசம்பரில்தான்.

சோம்பேறித்தனம் என்கிறீர்கள். சிஎஸ்எஸ் 2.1 ஸ்பெக்கைப் புரட்டிப் பாருங்கள். ஃபார்ம் பெட்டிகளுக்கு எந்தெந்தப் பண்புகள் பொருந்தும் என்று இதில் வரையறுக்கவில்லை, பிரவுசர் விரும்பினால் பொருத்திக்கொள்ளலாம், எழுதுபவர்கள் இதைச் சோதனை முயற்சியாகவே கருத வேண்டும் என்று பச்சையாகப் போட்டிருக்கிறது. அது இறுதி வடிவம் பெற்றது 2011-ல். வேண்டுமென்றே திறந்துவிட்ட கதவு அது. உங்கள் 44 பிக்சலை சஃபாரி மதிக்காதது எந்த விதியையும் மீறவில்லை.

ஐஇ6 (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6) காலத்து ஆட்களைக் கேளுங்கள். மெனு ஒன்றை மவுஸ் வைத்ததும் விரியும்படி செய்திருப்போம், அது விரியும்போது கீழே இருக்கிற செலக்ட் பாக்ஸ் மெனுவைக் கிழித்துக்கொண்டு மேலே நிற்கும். எது மேலே நிற்கும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் 9999 போட்டாலும் அசையாது. காரணம், அந்த செலக்ட் விண்டோஸின் தனி ஜன்னல், பக்கத்தின் அடுக்கில் அது இல்லவே இல்லை. மெனுவுக்கு அடியில் காலி ஐஃப்ரேம் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம்) ஒன்றைச் செருகி அதை மறைப்போம். ஐஇ7 வந்த பிறகுதான் விமோசனம்.

வலது ஓரம் நேராக வராததற்கு மேக்கைக் குறை சொல்லாதீர்கள். டெக்ஸ்ட் பெட்டிக்கு 300 என்றால் பேடிங்கும் (உள் இடைவெளி) பார்டரும் அதற்கு வெளியே கூடும், செலக்ட்டுக்கு 300 என்றால் எல்லாம் உள்ளேயே அடங்கும். இரண்டின் இயல்பும் அப்படி. எல்லாவற்றுக்கும் பாக்ஸ்-சைஸிங் பார்டர்-பாக்ஸ் போட்டுவிட்டுப் பாருங்கள்.

சும்மா_பார்க்க_வந்தேன்

ஐஇ6 பேரைப் படிச்சதும் முதுகு வலிக்குது. தொடரட்டும்.

கட்டம்கட்டி

பார்டர்-பாக்ஸ் போட்டேன், ஓரம் நேராச்சு, நன்றி. ஆனா வரலாறு பதில் ஆகாது அண்ணே.

ஓஎஸ் வரையுதுன்னு சொன்னீங்க. அந்தக் காலம் போயாச்சு. 2020 மே மாசம் குரோம் 83 வந்தப்ப எட்ஜ் டீமோட சேர்ந்து ஃபார்ம் பெட்டிகளைப் புதுசா வரைஞ்சாங்க. அதுக்கப்புறம் விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுல திறந்தாலும் குரோம் செக்பாக்ஸ் கிட்டத்தட்ட ஒரே நீலம்தான். 2021 வாக்குல ஃபயர்பாக்ஸும் தன் பெட்டியைத் தானே வரைய ஆரம்பிச்சுது. அப்போ "அந்தந்த ஓஎஸ்ஸோட முகம், பயனாளிக்குப் பழகினது"ங்கிற வாதம் எங்க போச்சு? இப்போ மிச்சம் இருக்கிறது மூணு கம்பெனியோட ரசனை. அவங்க ரசனைக்கு நான் ஏன் கிளையன்ட்கிட்ட பதில் சொல்லணும்?

பழைய_ஃபைல்

முகத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஃபயர்பாக்ஸ் மாறியதற்குப் பெரிய காரணம் ரசனை கிடையாது, பாதுகாப்பு. இணையப் பக்கத்தை ஓட்டும் ப்ராசஸ் ஓஎஸ்ஸின் விட்ஜெட் கோடைத் தொடாமல் இருந்தால் அதைக் கூண்டுக்குள் இறுக்கமாக அடைக்கலாம். அதற்காகத் தாமே வரையத் தொடங்கினார்கள்.

முகம் போகட்டும், தொட்டதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஐபோனில் செலக்ட்டைத் தொட்டால் ஐபோனின் சொந்த மெனு, ஆண்ட்ராய்டில் தொட்டால் விரலுக்கு எட்டும் பெரிய பட்டியல். 38 மாவட்டத்தை நீங்கள் டிவ்வில் அடுக்கினால், கீபோர்டு பாதித் திரையை மறைத்திருக்கும்போது அந்தப் பட்டியல் எந்தப் பக்கம் விரியும்? ஸ்க்ரோல் செய்தால் பட்டியல் நகருமா, பின்னால் இருக்கிற பக்கம் நகருமா? இதையெல்லாம் நீங்கள் எழுத வேண்டும், பிறகு ஒவ்வொரு ஓஎஸ் அப்டேட்டுக்கும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஐபோனில் குரோம் போட்டுப் பார்த்தேன் சரியாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். ஐபோன் குரோமுக்குள் ஓடுவதும் சஃபாரியின் இன்ஜினான வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2024-ல் ஆப்பிள் விலக்கு கொடுத்தது, நமக்கு அது கிடையாது.

காதால்_படிப்பவள்

கட்டம்கட்டி சார், டிவ்வில் செய்தே தீருவேன் என்றால் எனக்கு ஒரு வேலை மிச்சம் வையுங்கள். இந்த மாதிரிப் பக்கங்களை என்விடிஏ (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர்) போட்டுச் சோதிப்பதுதான் என் வேலை.

நிஜ செலக்ட்டில் நின்றால் என்விடிஏ என்ன சொல்லும் தெரியுமா? "மாவட்டம்" என்று பெயர், அது ஒரு காம்போ பாக்ஸ் என்ற விவரம், மூடியிருக்கிறதா, இப்போது எது தேர்வாகியிருக்கிறது, எல்லாம் ஒரே மூச்சில் வரும். கீழ் அம்பு அழுத்தினால் அடுத்த மாவட்டம். எண்ட் அழுத்தினால் கடைசி. பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டினால் நேராக அங்கே போகும். எஸ்கேப்பில் மூடும். உங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்கூட இருக்காது.

டிவ் ஒன்றுக்கு கிளிக் மட்டும் கொடுத்து வைத்திருப்பார்கள். டேப் அழுத்தினால் பெயரிலிருந்து பிறந்த தேதி, அங்கிருந்து நேரே போட்டோ. மாவட்டம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தேடிப்பிடித்து அதன்மேல் போனாலும் "தேர்வு செய்க" என்ற சொல் மட்டும் வரும், அது பெட்டியா தலைப்பா என்று வராது. ஃபார்மை அனுப்பினால் "மாவட்டம் கட்டாயம்" என்று சிவப்பில் எழுதுவார்கள். சிவப்பில்!

இன்னொன்று. கண் மங்கலானவர்கள் விண்டோஸில் ஹை கான்ட்ராஸ்ட் வைத்திருப்பார்கள். அங்கே நிஜ செக்பாக்ஸ் அவர்கள் தேர்ந்தெடுத்த நிறத்துக்கு மாறிக்கொள்ளும். பின்னணி நிறத்தை வைத்தே டிக் காட்டும் டிவ் அங்கே மாயமாகிவிடும். அடித்தார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கிளையன்ட் சிவப்பு வட்டம் போடும் வித்தியாசத்தில் பாதி, இந்த ஆட்களுக்காக இருக்கிற வித்தியாசம்.

கட்டம்கட்டி

அக்கா, டிவ் விஷயத்துல பேசாம இருந்துக்கிறேன். ஆனா நடுவுல ஒரு வழி இருக்குல்ல? நிஜ செலக்ட்டையே வச்சுக்கிட்டு அப்பியரன்ஸ் நன் போட்டு ஓஎஸ் சட்டையைக் கழட்டிட்டு, அம்புக்குறியை நான் வரைஞ்சா உயரம் சொன்ன பேச்சு கேக்குது. செக்பாக்ஸ் நிறத்துக்கு ஆக்சென்ட்-கலர் ஒரு வரி போதும், 2022 மார்ச்சுல சஃபாரி 15.4-லயும் வந்தாச்சு.

இதையெல்லாம் இவ்வளவு லேட்டா கொடுத்ததுதான் என் கோபம். பட்டியல் விரியும்போது உள்ளே இருக்கிற வரிசையை அழகுபடுத்த வழி வந்தது 2025-ல, குரோம் 135-ல, பேஸ்-செலக்ட்னு. வெப் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி-ல ஓப்பன் யுஐன்னு குழு போட்டு வருஷக்கணக்கா பேசினாங்க. தேவையே இல்லைன்னா எதுக்கு குழு?

பழைய_ஃபைல்

தேவை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? கேட்பவருக்கு மட்டும் கொடு, கேட்காதவருக்குப் பழையபடி விடு என்றுதான் அதையும் வடிவமைத்திருக்கிறார்கள். தெரியாத பிரவுசர் அந்த வரியை விட்டுவிட்டுத் தன் பழைய செலக்ட்டைக் காட்டும். உங்கள் கிளையன்ட் அதற்கும் வட்டம் போடுவார்.

சர்வர்_சாமி

உயரம், ஓரம், அம்புக்குறின்னு அடிச்சுக்கிறீங்க. இதுல எதனாலயும் என் டேட்டாபேஸ் கெட்டதில்ல. அந்த ஃபார்ம்ல பிறந்த தேதிக்கு என்ன போட்டிருக்கீங்க கட்டம்கட்டி? டைப் டேட், பிரவுசரே தர்ற தேதிப் பெட்டி, அதுதானே?

அந்தப் பெட்டியில தேதி எந்த வரிசையில தெரியணும்னு பக்கம் முடிவு பண்ண முடியாது. குரோம் எந்த மொழியில இருக்கோ அதுதான். நம்ம ஊர்ல பாதிப் பேர் லேப்டாப்ல அமெரிக்க இங்கிலீஷ் வச்சிருக்கான், அவனுக்கு மாசம்/நாள்/வருஷம். பக்கத்து சீட்டுல இந்திய இங்கிலீஷ், அவனுக்கு நாள்/மாசம்/வருஷம். சர்வருக்கு வர்றது எப்பவும் வருஷம்-மாசம்-நாள், அதுல குழப்பமே இல்ல. குழப்பம் மனுஷன் கண்ணுக்கு முன்னாடி.

ஜூலை 3 பிறந்தவன் பழக்கத்துல 03, 07-ன்னு அடிப்பான். அமெரிக்கப் பெட்டி அதை மார்ச் 7-னு வாங்கிக்கும். தப்புன்னு எந்த வேலிடேஷனும் சொல்லாது, ஏன்னா ரெண்டுமே நல்ல தேதி.

ஜூலை 25 ஆளோட கதை இன்னும் வேடிக்கை. 2 அடிச்சதும் குரோம் யோசிக்கும், 2-ல தொடங்கற ரெண்டு இலக்க மாசம் கிடையாதே, அதனால மாசம் 02-ன்னு முடிவு பண்ணி கர்சரை நாளுக்குத் தள்ளிடும். அடுத்து அடிக்கிற 5, நாள் 05. மிச்ச எண்ணெல்லாம் வருஷத்துக்குள்ள போய் விழும். மேக்ஸ் (அதிகபட்சத் தேதி) கொடுக்காத பெட்டியில வருஷத்துக்கு ஆறு இலக்கம் வரை குரோம் அனுமதிக்கும். ஐந்திலக்க வருஷத்துல பிறந்த ஆளுங்களை நான் டேபிள்ல பார்த்திருக்கேன்.

ஆக என் கட்சி தனி. எப்படித் தெரியுதுங்கிறது வேற வேறயா இருந்துட்டுப் போகட்டும். என்ன அர்த்தம்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறக்கூடாது. பழைய_ஃபைல் அண்ணன் "ஓஎஸ் பார்த்துக்கும்"னு சொல்றது இங்க செல்லாது.

பழைய_ஃபைல்

அமெரிக்க இங்கிலீஷ் பழகியவருக்கு அந்த வரிசைதான் சரி. பக்கத்தின் மொழியை வைத்து மாற்றினால் அவர் ஏமாறுவார். எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவருக்குத் தப்பு.

சர்வர்_சாமி

நம்மூர்ல அந்த செட்டிங்கை அவன் பழகி வச்சதில்லண்ணே, லேப்டாப் கடையிலேயே அப்படி வந்தது. யாரும் தொட்டதே இல்ல.

எழுத்தாணி

நடுவில் ஒரு தமிழ்த் தலைவலி. என் ஃபார்மில் பெயர் பெட்டி எல்லா மெஷினிலும் வேறு வேறு அகலம். அதோடு "மூ", "கீ" எழுதினால் மேலோ கீழோ வெட்டுப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு குறையும் இல்லை. ஏன்?

கட்டம்கட்டி

இதுக்கு நானே சொல்றேன். பக்கத்துக்கு நீங்க கொடுத்த எழுத்துரு ஃபார்ம் பெட்டிக்குள்ள தானா இறங்காது, அதுக்குன்னு தனி எழுத்துரு, தனி அளவு. டெக்ஸ்ட்ஏரியாவுக்கு இன்னொண்ணு. ஃபான்ட் இன்ஹெரிட்னு நீங்கதான் எழுதணும்.

அகலத்தை சைஸ் 20-ன்னு விட்டிருப்பீங்க. அது 20 எழுத்து, எழுத்துருவோட சராசரி அகலத்தை வச்சு பிரவுசர் கணக்குப் போடும். எழுத்துரு மாறினா பெட்டியும் மாறும். தமிழ் எழுத்து அந்தச் சராசரியைவிட அகலம், 20 எழுத்து கொள்ளவே கொள்ளாது. அப்புறம் விண்டோஸ்ல தமிழ் நிர்மலா யுஐல வரும், மேக்ல தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டுல நோட்டோ. ஒவ்வொண்ணுக்கும் கொம்பும் காலும் வேற உயரம். ஹைட்டைப் பிக்சல்ல பூட்டாம, லைன்-ஹைட்டும் பேடிங்கும் கொடுத்து விடுங்க, வெட்டாது.

சர்வர்_சாமி

மேக்ஸ்லெங்த் (எழுத்து வரம்பு) 12 போட்டிருந்தா அதையும் எடுங்க. அது கண்ணுக்குத் தெரியற எழுத்தை எண்ணாது. ஸ்பெக் படி யுடிஎஃப்-16 அலகு, அதாவது கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற துண்டு, புள்ளியும் கொம்பும் அதுல தனித்தனி. "தமிழ்" மூணெழுத்து, அதுக்குக் கணக்கு 5. கிருஷ்ணமூர்த்தி எட்டெழுத்துக்காரர், 15 அலகு. 12-ல நிறுத்தினா "கிருஷ்ணமூர்த"ன்னு நிப்பாரு.

எழுத்தாணி

ஃபான்ட் இன்ஹெரிட் போட்டதும் பாதி சரியாகிவிட்டது. பட்டனில் "சூஸ் ஃபைல்" என்று ஆங்கிலத்திலேயே நிற்கிறதே, அதைத் தமிழாக்க முடியாதா?

காதால்_படிப்பவள்

அது பக்கத்தின் எழுத்து அல்ல, பிரவுசரின் எழுத்து. அவரவர் பிரவுசர் எந்த மொழியோ அந்த மொழியில் வரும். "இந்தப் புலத்தை நிரப்பவும்" என்று குமிழில் வருகிற எச்சரிக்கையும் அப்படியே. பட்டனின் நிறத்தையும் ஓரத்தையும் இப்போது மாற்றலாம், எழுத்தை மாற்ற முடியாது. மேலே லேபிளில் "போட்டோ" என்று தமிழில் தெளிவாக எழுதுங்கள், போதும். இன்புட்டை ஒளித்துவிட்டு லேபிளையே பட்டன் போல வரைகிறவர்கள், டிஸ்ப்ளே நன் போட்டு ஒளிக்காதீர்கள். டேப்பில் சிக்காது.

கட்டம்கட்டி

கிளையன்ட்கிட்ட பேசிட்டேன். செலக்ட், செக்பாக்ஸ் ரெண்டும் நிஜமானதே, சட்டை மட்டும் நம்மது. போட்டோ பட்டன் வித்தியாசத்துக்கு மனசில்லாம ஒத்துக்கிட்டாரு. பிரவுசர்காரங்க லேட்டுங்கிற என் கருத்துல மாற்றம் இல்ல. தேதிக்கு என்ன பண்றது சாமி? காலண்டர் விட்ஜெட் ஒண்ணு எடுத்துப் போடட்டுமா?

சர்வர்_சாமி

பிறந்த தேதிக்குக் காலண்டரா? 1985-க்கு எத்தனை தடவை பின்னாடி தட்டுவான்? பிரிட்டன் அரசோட கவ்.யுகே வடிவமைப்புத் தொகுப்புல பாருங்க, நாள், மாசம், வருஷம்னு மூணு சாதா டெக்ஸ்ட் பெட்டி, ஒவ்வொண்ணுக்கும் மேல பேர். எந்த மெஷின்ல திறந்தாலும் வரிசை மாறாது. டைப் நம்பர் போடாதீங்க, சில பிரவுசர்ல மவுஸ் சக்கரம் உருண்டா எண்ணும் உருளும், அவங்களும் 2020-ல அதைக் கைவிட்டாங்க. டெக்ஸ்ட், இன்புட்மோடு நியூமெரிக். போன்ல எண் கீபோர்டு வந்துடும். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழ போகாதீங்க, ஐபோன் சஃபாரி பக்கத்தையே ஜூம் பண்ணிடும்.

காதால்_படிப்பவள்

மூன்றையும் ஒரு ஃபீல்ட்செட்டுக்குள் (பெட்டிகளின் குழு) வைத்து, அதன் தலைப்பான லெஜண்டில் "பிறந்த தேதி" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் "நாள்" என்று மட்டும் காதில் விழும், என்ன நாள் என்று தெரியாது. பிரவுசர் தானே நிரப்ப உதவும் ஆட்டோகம்ப்ளீட்டுக்கு மூன்று தனி மதிப்புகள் இருக்கின்றன, அவற்றையும் போடுங்கள். முடித்ததும் லிங்க் அனுப்புங்கள், என்விடிஏவில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.